“ஒரு ஊசி போட்டு என்னை அனுப்பிவிடு” என்று அம்மா கேட்டால்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் காலமெல்லாம் கொழுந்து எடுத்தவர். கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டாகத் தொடங்கிய வாய்ப் புற்றுநோய் இப்போது தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கிவிட்டது. மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை முடிந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். உணவு கொடுக்க மூக்கு வழியாகப் போட்ட குழாயை அம்மா இரண்டு தடவை இழுத்துப் போட்டுவிட்டார். மூன்றாம் தடவை போடுவதற்கு ஓட்டோ பிடித்துக் கூட்டிப் போகவேண்டும் என்று அண்ணன் நிற்கிறார். அம்மாவோ உங்களிடம், “டொக்டரிடம் சொல்லி ஒரு ஊசி போட்டு என்னை அனுப்பிவிடு” என்கிறார். அப்படிக் கேட்பது பாவமா, குற்றமா, வெளிநாடுகளில் இருப்பது இங்கே இலங்கையில் ஏன் இல்லை, இந்தியாவில்கூட வந்துவிட்டதாமே என்பதுதான் நீங்கள் எழுதியது.

இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உயிரை எடுப்பதற்காக ஊசி போடலாமா என்பது ஒன்று. குழாயையும் ஆஸ்பத்திரியையும் விட்டுவிடலாமா என்பது வேறொன்று. இந்த இரண்டும் ஒன்றே என்று நினைத்துக்கொண்டுதான் நீங்களும் அண்ணனும் சண்டை பிடிக்கிறீர்கள். மூன்றாவதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: இரவு 2 மணிக்குப் பிறகு அம்மா தூங்குவதில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி முனகுகிறார், லயம் என்னும் நம் வரிசை வீட்டில் அடுத்த காம்பராவுக்குக் கேட்கிறது என்று. நான் அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் பொது வைத்தியன். 27 வருட வேலையில் பாதிக்கு மேல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் ஆஸ்பத்திரிகளில் கழிந்தது. அப்பா தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். நான் சட்டத்தரணி அல்ல, குருக்களோ பாதிரியாரோ அல்ல. உங்கள் அம்மாவைப் பார்த்ததும் இல்லை. ஆகவே மருந்தின் அளவு எதையும் இங்கே எழுதமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் தந்த அம்மாவின் டயக்னோசிஸ் கார்டை எடுத்து, வலிக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஏழெட்டுக் கார்டுகளில் பரசிற்றமோல் இருக்கும், சிலவற்றில் ட்ரமடோல் இருக்கும். தாடை எலும்பைத் தின்னும் புற்றுநோய்க்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுப்பது, பற்றி எரியும் லயத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவது போன்றது. உலகச் சுகாதார நிறுவனம் 1986இலேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியான முறையை வகுத்துக் கொடுத்துவிட்டது. அதன் மேற்படியில் இருப்பது மோர்பின். வாயால் கொடுக்கலாம், குழாயாலும் கொடுக்கலாம். வலி வந்த பிறகு ஓடிப் போய்க் கொடுக்கும் மருந்தல்ல அது. வலி தலைதூக்குவதற்கு முன்பே, சாதாரண மோர்பின் என்றால் நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, மணி பார்த்துக் கொடுக்கவேண்டியது. நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய் கிளினிக்கில்தான் எழுதுவார்கள். கட்டுப்பாட்டு மருந்து என்பதால் நாள் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் கிடையாது. முதல் அநியாயம் இங்கேதான் இருக்கிறது. நோயாளி மலை உச்சியில், மருந்து பட்டணத்தில். இடையில் இருக்கும் ஓட்டோக் கூலி ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, கிடைக்கும் சம்பளத்தைத் தின்றுவிடும்.

மோர்பின் என்றதும் உங்கள் அண்ணன் சொல்லப்போவது எனக்குத் தெரியும்: அது கடைசியில் போடுவது, அதைக் கொடுத்தால் ஆள் முடிந்துவிடும். இந்தப் பேச்சை நான் தாதிமாரின் வாயிலும் கேட்டிருக்கிறேன், சில வைத்தியர்களின் வாயிலும் கேட்டிருக்கிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: குறைந்த அளவில் தொடங்கி, வலியின் அளவுக்கு ஏற்றபடி மெல்லக் கூட்டிக் கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. முதல் சில நாட்கள் தூக்கம் வரும், குமட்டும், பிறகு அவை தணியும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. ஆகவே மோர்பின் எழுதும் அதே துண்டில் மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் வாய் திறந்து கேளுங்கள். வலிக்காகக் குடிக்கும் மோர்பினால் அம்மா போதைக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயமும் வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் அது உடம்பில் தேங்கும், அளவைக் குறைக்கவேண்டும். அதனால்தான் வைத்தியர் பார்த்துத் தரவேண்டும் என்கிறேன்.

வலிக்கு அடுத்தது நாற்றம். நீங்கள் அதை எழுதவில்லை, நாகரிகம் கருதி விட்டிருப்பீர்கள். தாடைப் புண் உடைந்துவிட்டால் ஒரு நாற்றம் வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், நுவரெலியா மாவட்டத்துக் குளிருக்கு யன்னலை அடைத்துவிட்டு, ஆறு பேர் படுக்கும் இடத்தில் அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படியொரு காம்பராவில் பிறந்தவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டே பேசினார். பேரப்பிள்ளை எட்ட நின்றது. அவரும் உங்கள் அம்மாவைப் போலத்தான் ஊசி கேட்டார். நான் வேறொன்றும் பெரிதாகச் செய்யவில்லை. மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தூளாக்கிப் புண்ணின்மேல் தூவும் முறை ஒன்று உண்டு. கிருமியால் வரும் நாற்றத்தை அது அடக்கும். மோர்பினும் தொடங்கினோம். ஒன்றரைக் கிழமை கழித்துப் போனபோது பேரப்பிள்ளை மடியில் கிடந்தது, பெரியம்மா ஊசியைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஐந்து கிழமை கழித்து இறந்தார், நோய் நோயாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டது சாவையா, அந்தச் சேலைத் தலைப்பிலிருந்து விடுதலையையா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “வலி தீர்ந்தால் சாகக் கேட்கமாட்டார்கள்” என்று முடித்துவிடுவது எனக்குச் சுலபம். பல வருடங்கள் அப்படித்தான் விரிவுரையில் சொல்லியும் வந்தேன். அது பாதி உண்மைதான். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் 1997 முதல், சாகும் நிலையில் உள்ளவர் கேட்டால் வைத்தியர் மருந்து எழுதிக் கொடுக்கலாம், நோயாளி அதைத் தானே குடிக்கவேண்டும். கேட்டவர்கள் சொன்ன காரணங்களை வருடா வருடம் வெளியிடுகிறார்கள். அதில் வலி முன்வரிசையில் இல்லை. தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாமல் போவது, வாழ்வில் ருசித்த எதையும் செய்ய முடியாமல் போவது, மானம் போவது ஆகியவைதான் முன்னால் நிற்கின்றன. குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவோம் என்ற எண்ணமும் அங்கே நிறையப் பேரிடம் இருக்கிறது.

பாரம் என்ற சொல்லை நம் ஊரில் நான் கேட்காத கிழமை இல்லை. “மருமகள் எனக்காக வேலைக்குப் போகாமல் பேரை விடுகிறாள்” என்று ஒரு தாய் சொல்லும்போது, அவர் சாவைக் கேட்கிறாரா, மருமகளின் நாட்சம்பளத்தைக் கேட்கிறாரா? தலைக்கூத்தல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில், விருதுநகர்ப் பக்கம், எழுந்திருக்க முடியாத முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றி, இளநீர் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம். நம் பாட்டன்மார் பலர் கப்பலேறியதும் அந்தத் தென்மாவட்டங்களிலிருந்தும் அவற்றை அடுத்த ஊர்களிலிருந்தும்தான். மலையகத்தில் அதை நான் கண்டதில்லை. ஆனால் வறுமை ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கருணையின் குரலில் பேசும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. அம்மாவின் வாயிலிருந்து வருவது அம்மாவின் விருப்பம்தானா என்று கேட்காமல் எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

இனிக் குழாய். அண்ணனின் வாதம், குழாய் இல்லாவிட்டால் அம்மாவைப் பட்டினி போட்டுக் கொல்கிறோம் என்பது. அவர் கெட்டவர் அல்ல. பசி கண்ட வீட்டில் பிறந்தவனுக்குச் சோறு கொடுக்காமல் இருப்பதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஆனால் சாகும் உடம்பின் கணக்கு வேறு. சாப்பிடாததால் சாவு வருவதில்லை, சாவு நெருங்குவதால் சாப்பாடு நிற்கிறது. கடைசி நாட்களில் குடல் வேலையைக் குறைத்துவிடும், பசி அடங்கிவிடும். அப்போது குழாயில் கஞ்சி ஊற்றினால் வயிறு ஊதும், வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் போகும். சேலைன் ஏற்றினால் கால் வீங்கும், நெஞ்சில் சளி கரகரக்கும். முற்றிய மறதி நோயில் கிடக்கும் முதியவர்களுக்குக் குழாய் போடுவதால் ஆயுள் கூடுவதில்லை என்பதை வைத்திய உலகம் ஏற்றுக்கொண்டு பல வருடங்களாகிவிட்டது.

ஆனால் உங்கள் அம்மாவின் விடயத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. வாய்ப் புற்றுநோயில், உடம்பு இன்னும் தெம்பாக இருந்து, வாயும் தொண்டையும் மட்டும் அடைபட்டுப் பசியோடு தவிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் குழாய் உண்மையாகவே உதவும், மாதக் கணக்கில்கூட. உங்கள் அம்மா எந்தப் பக்கம் நிற்கிறார்? பசிக்கிறதென்கிறாரா? பகலில் எழுந்து நடமாடுகிறாரா, இல்லை பெரும்பாலும் தூங்குகிறாரா? கிழமைக்குக் கிழமை இளைப்பது தெரிகிறதா, நாளுக்கு நாள் தெரிகிறதா? நாளுக்கு நாள் என்றால் மிச்சமிருப்பதும் பெரும்பாலும் நாட்கள்தான். இது வாட்டுகளில் கை மாறி வரும் கணக்கு, திட்டமான அளவுகோல் அல்ல. இத்தனை நாள் என்று தேதி சொல்லும் வைத்தியரை நம்பாதீர்கள், நானும் சொல்லி அவமானப்பட்டிருக்கிறேன்.

எப்படியிருந்தாலும் இரண்டு தடவை குழாயை இழுத்துப் போட்டது அம்மாதான். புத்தி தெளிவாக இருந்து, தெரிந்து செய்தாரென்றால் அது ஒரு பதில். அம்மாவின் கையைக் கட்டிலோடு கட்டிவிட்டு மூன்றாவது குழாய் போடுவதைப் பராமரிப்பு என்று நான் சொல்லமாட்டேன். வாய்க்குள் போகும் அளவுக்கு இரண்டு கரண்டி இளநீரோ பாலோ அவர் கேட்கும்போது, நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள். உதடு காயாமல் ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டே இருங்கள். கடைசி நேரத்தில் அவர்களை வாட்டுவது பசியல்ல, வாய் வறட்சிதான்.

ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு கசப்பான கதை சொல்லவேண்டும். நான் இளைஞனாக ஒரு வாட்டில் இரவுக் கடமையில் இருந்தபோது, ஈரல் முழுக்கப் பரவிய புற்றுநோயோடு ஒரு கொழுந்துக்காரப் பாட்டியைக் கம்பளியில் தூக்கி, தோட்டத்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். விடியற்காலை இதயம் நின்றது. டிக்கட் என்னும் வாட்டு நோயாளிக் குறிப்பில் ஒன்றும் எழுதப்படவில்லை, குடும்பத்தோடு எவரும் பேசியிருக்கவில்லை, நானும் பேசவில்லை. ஆகவே நெஞ்சை அழுத்தினேன். மூன்றாவது அழுத்தத்திலோ நான்காவதிலோ விலா எலும்பு முறியும் சத்தம் என் உள்ளங்கைக்குக் கேட்டது. மகள் திரையை விலக்கிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். இருபது நிமிடம் அழுத்தினோம். அந்த உயிர் திரும்பப் போவதில்லை என்பது எனக்கு முதல் நிமிடமே தெரியும். சட்டம் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை. பேசத் தைரியமில்லாததால்தான் செய்தேன். உங்கள் அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தவேண்டாம், தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தில் இணைக்கவேண்டாம் என்பதைச் சேர்க்கும்போதே வைத்தியரிடம் சொல்லி டிக்கட்டில் எழுதச் சொல்லுங்கள். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைப் பதற்றத்தில் அழைத்தால் அவர்கள் வந்து தங்கள் கடமையைச் செய்வார்கள், ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆகவே எதற்கு அழைப்பது, எதற்கு அழைப்பதில்லை என்பதை அண்ணனும் நீங்களும் இப்போதே பேசிக்கொள்ளவேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கையில் கருணைக்கொலையை அனுமதிக்கும் சட்டம் இல்லை. நம் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. உயிரைப் போக்கும் நோக்கத்தோடு எவர் ஊசி போட்டாலும், கேட்டது நோயாளியே என்றாலும், வைத்தியரே போட்டாலும், அது கொலைக்குரிய விசாரணைதான். தற்கொலைக்கு முயல்வது 1998 முதல் இங்கே குற்றமல்ல, ஆனால் அதற்கு உடந்தையாக இருப்பது இன்றும் பாரதூரமான குற்றம். ஆகவே எந்த டொக்டரிடமும் போய் அந்த ஊசியைக் கேட்காதீர்கள். கேட்டால் அவர் பயந்துபோய், வலி ஊசியைக்கூடக் குறைத்துவிடுவார். இது நகைச்சுவையல்ல, நடந்திருக்கிறது. மறுபக்கம், புத்தி தெளிவான ஒருவர் தனக்கு ஒரு சிகிச்சை வேண்டாம் என்று மறுக்கலாம். சம்மதமில்லாமல் எவர் உடம்பிலும் கை வைக்க முடியாது. டிக்கட்டில் கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் உரிமை உங்கள் அம்மாவுக்கு இருக்கிறது. முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. அதனால் அம்மா பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, அண்ணன், நீங்கள், வைத்தியர் மூவரும் கேட்க அவர் சொல்வது முக்கியம்.

இந்தியாவில் வந்துவிட்டது என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதிச் செய்தி. அருணா ஷான்பாக் என்ற மும்பை தாதி 1973இல் தான் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே தாக்கப்பட்டு, மூளை சிதைந்து, அங்கேயே படுக்கையில் கிடந்தார். அவரைப் போகவிடும்படி கேட்ட வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் ஒரு விசித்திரமான தீர்ப்புத் தந்தது. உயிர் தாங்கும் சிகிச்சையை நிறுத்துவதைக் கொள்கையளவில், நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டது. அவருக்கு மட்டும் மறுத்தது, அவரை அத்தனை வருடங்கள் குளிப்பாட்டி ஊட்டிய அந்த ஆஸ்பத்திரித் தாதிமார் அதை விரும்பவில்லை என்பதால். அவர் 2015இல் நிமோனியாவில் இறந்தார். 42 வருடம் படுக்கை. 2018இல் அதே நீதிமன்றம், கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று சொல்லி, முன்விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023இல் அதன் நடைமுறையை இலகுவாக்கியது. இவையெல்லாம் நிறுத்துவதைப் பற்றியவை. ஊசி போட்டு உயிர் எடுப்பதற்கு அந்தத் தீர்ப்புகள் இடம் தரவில்லை. அதை நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002 முதல் அனுமதிக்கின்றன, கனடா 2016 முதல். அங்கேயும் நினைத்தவுடன் போடுவதில்லை, நிபந்தனைகள் நிறைய.

பாவமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லலாம். பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளில், நோயாளியிடம் சாவைப் புகழ்ந்து பேசுவதுகூடச் சங்கத்தை விட்டு வெளியேற்றும் குற்றம். கத்தோலிக்கரில், 1957இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) வைத்தியர்களுக்குச் சொன்னது, உயிரைக் காக்க அசாதாரணமான வழிகளையெல்லாம் கையாளவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை என்பது. வலி போக்கும் மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கும் என்றாலும், நோக்கம் வலி போக்குவது மட்டுமே என்றால் கொடுக்கலாம் என்றும் சொன்னார். நம் பக்கம் பார்த்தால் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர் விட்டான், நண்பரான புலவர் பிசிராந்தையார் கூடப் போய் உட்கார்ந்தார். அதை நாம் பெருமையாகத்தான் பேசுகிறோம். அது மானத்துக்காக அரசன் எடுத்த முடிவு, அவனுக்கு ஓட்டோக் கூலிக் கவலை இருந்திருக்காது.

என் கருத்தைக் கேட்டால், இன்றைய மலையகத்துக்கு அந்த ஊசிச் சட்டம் வேண்டாம். வலி மருந்து டிஸ்பென்சரிக்கு வராத இடத்தில், சாவு மருந்து மட்டும் வந்து சேர்வதை நான் நம்பமாட்டேன். இது கருத்துத்தான். இதன் பலவீனமும் எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கவைக்கும் நரம்பு நோயில் கிடந்தார். கண்ணும் புத்தியும் மட்டும் மிச்சம். வலி இல்லை, கடன் இல்லை, பிள்ளைகள் தாங்கினார்கள். எழுத்துப் பலகையில் கண்ணால் எழுத்தெழுத்தாகக் காட்டி என்னிடம் சொன்னது: “போதும் டொக்டர்.” மோர்பினும் மெட்ரோனிடசோலும் அதற்குப் பதிலல்ல. வறியவர்களைக் காப்பதற்காக இவருக்கு மறுக்கிறோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூச்சுத்திணறல் வந்தபோது இயந்திரம் வேண்டாம் என்று மறுத்தார். தவிக்காமல் இருக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்தோம், அப்படியே போனார். அந்தத் தூக்கத்துக்கும் நீங்கள் கேட்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன்: ஒன்றில் நோக்கம் தவிப்பை அடக்குவது, அளவு அதற்கு மட்டும். மற்றதில் நோக்கம் சாவு. சில இரவுகளில் அந்தக் கோடு மெல்லியதாகத் தெரிகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானால், மனதைத் தயார்படுத்திக்கொள்ளவேண்டிய சில உண்டு. கழுத்துப் பக்கக் கட்டி சில வேளை திடீரென்று இரத்தம் கக்கும். நடக்காமலும் போகலாம். ஆனால் கடும் நிறத் துவாய் இரண்டை, மெரூனோ கறுப்போ, கட்டிலுக்குப் பக்கத்தில் மடித்து வையுங்கள். வெள்ளைத் துணியில் இரத்தம் பார்ப்பது அம்மாவையும் பயமுறுத்தும், பிள்ளைகளையும் பயமுறுத்தும். கடைசி நாட்களில் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். அது பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் வேதனை, அம்மாவுக்குப் பெரும்பாலும் நினைவிருக்காது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கார்டைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் இறந்தால் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் அறிவிக்கும்போது, நோய் இன்னதென்று எழுதிய காகிதம் கையில் இருந்தால் திடீர் மரண விசாரணை, பொலிஸ் என்று அலையவேண்டி வராது.

ஊரார் வந்து பால் ஊற்றவேண்டும் என்பார்கள். தடுக்காதீர்கள், ஆனால் விழுங்க முடியாத வாயில் கரண்டியால் ஊற்றவிடாதீர்கள், மூச்சடைக்கும். பஞ்சைப் பாலில் தோய்த்து உதட்டில் ஒற்றச் சொல்லுங்கள், எல்லோரும் ஒருவர்பின் ஒருவராகச் செய்யலாம், சடங்கும் குறையாது. இழுத்துக்கொண்டே கிடந்தால் மண்ணாசை என்று சொல்லி மண்ணைக் கரைத்துக்கொண்டு வருவார்கள். ஒரு லயத்தில் அப்படி மரக்கறிப் பாத்தி மண்ணை எடுத்து வந்தபோது, சாகக் கிடந்தவரின் தம்பி, “அது கம்பெனி மண், அண்ணனுக்கு ஏது மண்?” என்று கேட்டார். எவரும் பேசவில்லை. பிறகு அவரே வாங்கி அண்ணனின் உள்ளங்கையில் பூசிவிட்டார்.

இந்தக் கிழமை கிளினிக்குக்கு நீங்களோ அண்ணனோ போங்கள், அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. கார்டையும், தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளையும், அம்மா எந்த மணிக்கெல்லாம் விழிக்கிறார் என்று மூன்று இரவுகளுக்கு எழுதிய ஒரு தாளையும் கொண்டுபோங்கள். வலி, நாற்றம், மலச்சிக்கல், குழாய், நெஞ்சை அழுத்துவது, இந்த ஐந்தையும் கேட்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். மருந்து பிடித்து அம்மா இரண்டு இரவு முழுதாகத் தூங்கிய பிறகு, ஒரு காலையில், அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இப்போதும் அந்த ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றாலும் எழுதுங்கள். வேண்டும் என்றால் கட்டாயம் எழுதுங்கள், அது நீங்கள் இப்போது கேட்டதிலிருந்து வேறான கேள்வி.